கை கழுவும் படம்

ஜூன் 13, திங்கள்

காலையிலிருந்தே புழுதிக்காற்று. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இல்லை. பள்ளிக்கூட ஆபீசில் அட்மிஷன் கூட்டம். கை ஓயவில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு லட்சுமணன் அண்ணன் டி.வி. பார்க்கக் கூப்பிட்டார். சிறுவர் நிகழ்ச்சி சீக்கிரமே முடிந்துவிட்டது. விவசாய நிகழ்ச்சி தொடங்கும்வரை நேரத்தை நிரப்ப ஒரு நிமிடப் படம் போட்டார்கள். சாப்பிடும் முன் கை கழுவச் சொல்லும் படம். போன வருடம் மெட்ராசிலிருந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் எடுத்தது. குழாயடியில் ஐந்து பிள்ளைகள். மூன்றாவது, என் செல்வி.

காய்ச்சலில் அவள் போய் ஏழு மாதம்.

அண்ணன் பதறிப்போய் டி.வி.யை அணைக்க எழுந்தார்.

"இருக்கட்டும்ண்ணே."

ஈரக் கையை விரித்துக் காட்டிச் சிரித்தாள். முன்பல் இல்லை. அவ்வளவுதான் படம். பிறகு வாழைக்கு உரம் வைப்பது பற்றி ஒருவர் பேசினார். அதையும் முழுக்கப் பார்த்தேன்.

ஜூன் 14, செவ்வாய்

படம் வரவில்லை. இடையில் நேரம் மிஞ்சினால்தான் போடுவார்கள் போல.

வசந்தாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். காரியம் முடிந்து திருமங்கலத்தில் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. நான் போனாலும் உள்ளறையை விட்டு வெளியே வருவதில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தால் மகள் முகம் தெரிகிறதாம். இந்தப் படத்தைப் பற்றிச் சொன்னால் தாங்குவாளா? கிழித்துப் போட்டேன்.

ஜூன் 16, வியாழன்

படம் வந்தது. அண்ணன் வீட்டு மதினி காபியை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் போனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுகின்றன. தினமும் போவது சரியில்லை. நாளை போகக் கூடாது.

ஜூன் 17, வெள்ளி

போனேன். வரவில்லை.

ஜூன் 22, புதன்

நேரம் மிஞ்சியது. ஆனால் வேறு படம். சாலையைக் கடப்பது எப்படி. யாரோ ஒரு பையன், கையில் குடை. பல்வலி. கிராம்பு வைத்தேன்.

ஜூன் 25, சனி

மத்தியானம் வசந்தாவின் தம்பி முருகேசன் வந்தான். உட்காரவே இல்லை.

"மச்சான், ஒங்ககிட்ட கேக்காம ஒண்ணு செஞ்சுட்டேன். டி.வி.ல செல்விய காட்டுறாக. போன மாசமே பாத்துட்டோம். அக்கா அழுத அழுகையப் பாக்க முடியல. புள்ள இப்ப இல்ல, தயவுசெஞ்சு போடாதீகன்னு மெட்ராசுக்கு எழுதிப்போட்டேன்."

பதிலைக் காட்டினான். மேற்படி படம் இனி ஒளிபரப்பப்படாது. வருந்துகிறோம்.

நல்லதுதான் என்றேன்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இப்பவும் தெனம் பக்கத்து வீட்டு டி.வி. முன்னாடி போய் ஒக்காந்துருது."

ஜூன் 26, ஞாயிறு

திருமங்கலம் போனேன். கூடத்தில் நின்று, உள்ளறையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னேன். கதவு திறந்தது. மெலிந்துவிட்டாள்.

"நீங்க பாத்தீகளா?"

"ரெண்டு தடவ."

"நான் நாலு தடவ." சுவரோரம் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். "பக்கத்துல நிக்கிற புள்ளைய இடிச்சு என்னமோ சொல்லுவாளே, கவனிச்சீகளா?"

கவனிக்கவில்லை.

"பாட்டுச் சத்தத்துல கேக்காது. வாயப் பாத்தாத் தெரியும். 'தள்ளிக்கடி, எங்கப்பா பாக்குறாரு'ன்னு சொல்றா."

அன்றைக்கு கேமராக்காரருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறேன் என்று ஹெட்மாஸ்டர் திட்டினார். சிரித்ததும் கையைக் காட்டியதும் எனக்கு.

அழுதேன். அவள் அழவில்லை.

நாலு மணிக்குக் கிளம்பினேன். "இருங்க, வாரேன்" என்று உள்ளே போனாள். பையோடு வருவாள் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்தாள். பஸ் நகரும்போது ஜன்னல் பக்கம் வந்து, "அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாங்க" என்றாள்.