வண்டி வாங்க வருபவரிடம் சொல்லிவிட்டேன்

என்னங்க,

நான் ஷிப்டுக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு.

நம்ம பிக்கப்பை வாங்க மத்தியானம் வரப்போற டைல்ஸ்காரருக்கு போன் பண்ணி, ஓடும்போதே இன்ஜின் நின்னுடும்னு சொல்லிட்டேன். திட்டுறதா இருந்தா சாயங்காலம் திட்டுங்க. "வண்டியில ஒரு குறையும் இல்ல"ன்னு நேத்து நீங்க அவர்கிட்ட சொன்னீங்க. இன்ஜின் நின்னு, பிள்ளையோட நாம மேம்பாலத்து நடுவுல மாட்டிட்டு வந்த அன்னைக்கு, நமக்கு இந்த வண்டியை வித்த கம்பெனி மேனேஜரும் இதே வார்த்தையைத்தான் சொன்னான். நீங்க அவன் சட்டையைப் பிடிக்கப் போனீங்க, நான்தான் இழுத்துட்டு வந்தேன்.

டைல்ஸ்காரர் இப்பதான் திரும்பக் கூப்பிட்டார். மெக்கானிக்கோட வந்து பாக்குறாராம். மிச்சத்தை நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க. சாவியை ஒளிச்சு வைக்கலாம்னுதான் எடுத்தேன், மனசு வரல. டிவி பக்கத்துலயே வச்சுட்டுப் போறேன்.