முப்பத்தொன்றும் ஒன்றும்

மே 9, 2025, வெள்ளி

ஆராய்ச்சிக்கூடத்தின் இரண்டாம் அறை ஏசி மறுபடி படுத்துவிட்டது. வெளியே கத்திரி வெயில், உள்ளே முப்பத்துமூன்று டிகிரி. எலிகள் உமிமேல் வயிற்றைப் பரப்பிக்கொண்டு கிடந்தன. மெக்கானிக் உளுந்தூர்பேட்டையிலிருந்து வரவேண்டும். "வந்துக்கினே கீறேன் சார்" என்று மூன்று மணி நேரமாக வந்துகொண்டே இருந்தான். பொறுக்க முடியாமல் நானே எல்லாவற்றையும் முதல் அறைக்குத் தள்ளினேன். கூண்டு பற்றவில்லை. பெண்ணோடு ஜோடி சேர்த்திருந்த ஆறு ஆண்களை எடுத்து, பழையபடி அண்ணன் தம்பிகளோடு போட்டேன். ஒரே வயிற்றில் பிறந்தவை. மூன்று வாரம் முந்திவரை ஒன்றாகத் தின்று ஒன்றாகத் தூங்கியவைதானே. என்ன ஆகிவிடும்?

மே 10, சனி

மூன்று கூண்டிலும் ரத்தம். பதினான்கில் ஐந்து செத்துக் கிடந்தன. முதுகும் வாலடியும் கிழிந்து சதை வெளியே. ஒன்றுக்கு வயிறே திறந்திருந்தது. ஏழுக்கு உயிர் இருந்தது, அவ்வளவுதான். காதெல்லாம் நார் நாராக. காதில் நான் போடும் ஓட்டைதான் இவற்றுக்குப் பெயர், நம்பர், எல்லாம். இப்போது எது யாரென்றே தெரியவில்லை.

இரண்டு மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தன. பாவம், எப்படியோ தப்பித்ததுகள் என்று நினைத்தேன். ஆராய்ச்சி நடத்துகிற ரம்யா மேடம் எட்டிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "இங்க பாருங்க அறிவு, யாருக்கு அடிபடலையோ அவன்தான் கடிச்சவன். எப்பவும் அப்படித்தான்."

அவருடைய மூன்று வருட உழைப்பு. குரலை உயர்த்தவில்லை. அதுதான் கொன்றது.

"பெண்ணோட இருந்த ஆணைத் திரும்பக் கூட்டத்துல போடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம்."

"அப்புறம்?"

"கூடப்பொறந்ததுதானேன்னு..."

"அதுங்களுக்கு உங்க ஊர் உறவுமுறையெல்லாம் தெரியுமா?"

புண்பட்ட உடம்பில் கிருமியோடு சண்டை போடும் செல்களெல்லாம் விழித்துக்கொள்ளும். அதை அளந்தால் ஆராய்ச்சி பொய்யாகிவிடுமாம். ஆக, உயிரோடிருந்த ஏழு எலிகளையும் மூச்சை நிறுத்தும் கேஸ் பெட்டியில் வைத்து நானே முடித்தேன். கடைசி எலி கண்ணாடியில் காலை வைத்து என்னையே பார்த்தது. வெளியே வந்து கதவை ஓங்கிக் குத்தினேன். முட்டி வீங்கிவிட்டது.

மே 11, ஞாயிறு

சோறு இறங்கவில்லை. "எலிக்குத் தீட்டு காக்கிறியா?" என்றாள் சந்தியா. வாயில் வந்ததைத் திட்டிவிட்டேன். பொண்டாட்டியைத் திட்டத்தான் எனக்கு வாய் வரும்.

மே 19, திங்கள்

அந்த எலிகளிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று மேடத்திடம் கேட்டேன். ஆறு வருடமாகக் கூண்டு கழுவுகிறேன், இன்றுதான் கேட்கத் தோன்றியது. பழைய ஜவ்வரிசி ஆலையை இடித்துக் கட்டிய இந்தக் கட்டிடத்தில், கல்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டு இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஊரில் கேட்டால் "எலி வளக்குறாங்க" என்று சொல்லியே ஓட்டிவிட்டேன்.

மேடம் சொன்னது எனக்குப் புரிந்தவரை: ஒரு வகை எலி, கோழிமுட்டை வெள்ளைக்கருவில் உள்ள ஒரு புரதத்தைத் தன் உடம்பிலேயே சுரக்கும்படி மரபணுவை மாற்றியிருக்கிறார்கள். இன்னொரு வகையின் ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடும் பி செல்கள், அதே புரதத்தைக் கண்டால் பாயும். இரண்டையும் சேர்த்துப் பிறக்கும் குட்டிக்குள் பாய்கிற செல்லும் இருக்கிறது, பாயவேண்டிய பொருளும் இருக்கிறது. ஆனால் பாய்வதில்லை. குட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

"ஏன் மேடம் பாயல?"

"தினம் தினம் அதையே பார்த்துக்கிட்டு இருக்கே, அதனால. அந்தப் புரதம் இல்லாத உடம்புக்கு அதே செல்லை மாத்திப் பாருங்க. கொஞ்ச நாள்ல பழக்கம் விட்டுப்போகும். அப்புறம் கண்ணுல பட்டா, பாயுறதும் உண்டு."

"சொந்த உடம்புதான்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது. பார்த்துக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான்."

மே 27, செவ்வாய்

கிணற்றில் தண்ணீர் பாறைக்குப் போய்விட்டது. மோட்டார் போட்டால் நாற்பது நிமிடம், அப்புறம் காற்றுதான் வருகிறது. கரும்பு காய்கிறது. என்னுடையதும் காய்கிறது, தம்பி சரத்குமாருடையதும்.

ஏழு வருடம் முன்பு பாகம் பிரித்தபோது கிணறு பொதுவில் நின்றது. சுப்புராயன் சித்தப்பாதான் முறை வைத்தார். ஒற்றைப்படைத் தேதி அண்ணனுக்கு, இரட்டைப்படை தம்பிக்கு. அன்றைக்குப் போட்ட சண்டையில் பேச்சு நின்றது. வரப்பில் எதிரே வந்தால் அவன் ஒரு பக்கம் இறங்குவான், நான் மறுபக்கம். முப்பத்தொன்றாம் தேதி என்று ஒன்று இருப்பதை சித்தப்பாவும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. முப்பத்தொன்றும் எனக்கு, மறுநாள் ஒன்றும் எனக்கு. கிணறு நிறைந்திருந்த வருடங்களில் யாரும் கேட்கவில்லை.

இன்று சரத் பொண்டாட்டி கோகிலவாணி சந்தியாவிடம் வந்து சொல்லியிருக்கிறாள்: "ஒண்ணாந்தேதிய அவருக்கு வுட்ரச் சொல்லுக்கா." முறை முறைதான் என்று சொல்லி அனுப்பினேன்.

மே 31, சனி

மோட்டார் போட்டேன். முப்பத்தைந்து நிமிடம்.

ஜூன் 1, ஞாயிறு

எழுதித்தான் ஆகணும். இல்லன்னா நாளைக்கு நானே வேற மாதிரி சொல்லிக்குவேன்.

காலை ஆறு மணிக்குக் கரண்டு வந்ததும் போனேன். அவன் முன்னாலேயே வந்து ஸ்டார்ட்டர் பெட்டியை மறித்து நின்றான். ஏழு வருடம் கழித்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை:

"முப்பத்தொண்ணும் உனுக்கு, ஒண்ணும் உனுக்கு. எனுக்கு இன்னா, உன் மூத்திரமா?"

தள்ளுடா என்றேன். பியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கிணற்றில் எறிந்தான். யார் முதலில் கைவைத்தது? நான்தான். மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் அடித்தேன். முதல் அடி தோளில். விழவில்லை, என் சட்டையைப் பிடிக்க வந்தான். இரண்டாவது முகத்தில். ஏதோ உடையும் சத்தம் கேட்டது. கேட்டும் மூன்றாவது அடித்தேன். ஏன்டா? அவன் தரையில கெடந்தான்டா. தரையில கெடந்தவனை ஏன்டா அடிச்ச?

பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த செவ்வந்திதான் ஓடிவந்து காம்பைப் பிடித்தாள். "யோவ் வுடுய்யா! கண்ணு போச்சுய்யா, பாருய்யா!"

பார்த்தேன். இடது கண் இருக்கவேண்டிய இடத்தில் ரத்தம் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. மண்ணில் ஒரு பல். ஆட்டோ பிடித்துக்கொண்டு போனது செவ்வந்தி. நான் வாய்க்காலில் கை கழுவினேன். என் மேல் ஒரு கீறல் இல்லை.

வீட்டுக்கு வந்து சோறு கேட்டேனாம். எனக்கு ஞாபகமில்லை. சந்தியா தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாள்.

"செத்த எலிக்கு சோறு திங்காம கெடந்த. தம்பி கண்ணைப் பேத்துட்டு வந்து சோறு போடுன்ற. மனுசனாய்யா நீ?"

ஜூன் 3, செவ்வாய்

சரத்தின் கண்ணை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டிருக்கிறது. சரத் சொன்னானாம்: "யாரு அடிச்சதுன்னு தெரியாது. எனுக்கு அண்ணன்னு யாரும் இல்ல." எத்தனை முறை கேட்டும் அதேதான். செவ்வந்தியும் வாயைத் திறக்கவில்லை. கேஸ் இல்லை என்று சந்தியா சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். எனக்கு ஜெயிலே தேவலாம்.

ஜூன் 5, வியாழன்

வேலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் நின்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜூன் 6

போனேன். திரும்பிக்கொண்டான்.

ஜூன் 7

போனேன். கோகிலவாணி செருப்பைக் கழற்றினாள். நின்றேன். இரண்டு அடி விழுந்தது. நியாயந்தான்.

ஜூன் 11, புதன்

"எதுக்குய்யா தெனம் போய் அசிங்கப்படுற?" என்றாள் சந்தியா. பார்த்துக்கொண்டே இருக்கணும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

ஜூன் 14

சரத் டிபன் டப்பாவை வீசினான். இன்னும் ஒற்றைக் கண்ணுக்குக் குறி பழகவில்லை, ஆனாலும் நெற்றியில் பட்டது. மூன்று தையல். நர்ஸ் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

ஜூன் 24, செவ்வாய்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி வரப்பைத் தாண்டினால் போதும். அவன் வேலிப் படலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றேன். கருப்புக் கண்ணாடி போட்டிருக்கிறான். நாயை அவிழ்த்துவிட்டான். அது நான் வளர்த்த நாயின் குட்டி, வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அதற்கும் ஒரு உதை வாங்கிக்கொடுத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

போனேன். ஒன்றும் எறியவில்லை.

ஜூலை 17, வியாழன்

கீறலில்லாத அந்த இரண்டில் ஒன்றைப் பெண்ணோடு சேர்த்ததில் குட்டிகள். பரிசோதித்ததில் மூன்று குட்டிக்கு அந்தப் புரதம், பாய்கிற செல் இரண்டும் இருக்கிறது. மேடம் முகத்தில் இரண்டு மாதத்துக்குப் பிறகு சிரிப்பு. ஒவ்வொரு காதிலும் ஓட்டை போட்டு, நம்பரை இரண்டு முறை சரிபார்த்தேன். தகப்பனை இனி சாகும்வரை தனிக் கூண்டில்தான் வைக்கவேண்டும் என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

மோட்டார் போட்டேன். என் முறை. மழை இரண்டு பெய்ததில் ஒரு மணி நேரம் ஓடியது. சாயங்காலம் வேப்பமரத்தடிக்குப் போனேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையிலிருந்து கிணற்றுப் பக்கமே போகவில்லை. ஒன்றாம் தேதி அவனுடையது என்று நேற்றே சந்தியாவிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். நான் போய் நின்றால் சண்டைக்கு வந்ததாகத் தெரியும். வேப்பமரத்துக்கும் போகவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு போன் அடித்தது. நம்பர் மட்டும் வந்தது, பேரில்லை. பேரை ஏழு வருடம் முன்பே அழித்துவிட்டிருந்தேன். நம்பர் மறக்கவில்லை.

"இன்னா, இன்னிக்கி வரல?"

"இன்னிக்கி உன் முறைடா."

போனை வைக்கப் போனேன்.

"ஒத்தக் கண்ணை வச்சிக்கினு நான் பியூஸ் கட்டையைத் தடவிக்கினு கெடக்கணுமா? வந்து போட்டுக் குடு."

போனேன். போட்டுக் கொடுத்தேன். அவன் கரும்புக்குத் தண்ணீர் போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் தொட்டி மேட்டில் உட்கார்ந்திருந்தோம். அவன் இடது பக்கம் உட்காரப் போனேன். "அந்தப் பக்கம் தெரியாது, இந்தாண்ட வா" என்றான்.