தவறாமல் கட்டிய வாடகை

நம் பெரியவளின் அம்மாவுக்கு, நான் சொல்லச் சொல்லப் பக்கத்து அறைத் தையற்காரர் எழுதுவது. நான் சுகம். கிடங்குக் காவல் வேலை வழக்கம்போல. உன் முழங்கால் வலி தேவலையா?

வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். வாடகை ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிய அதிகாரி, "பதினோரு வருஷத்துல ஒரு மாசம்கூடத் தவறலையே பெரியவரே! உங்களுக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கப் போறோம்?" என்றார். புத்தகத்தை என் பக்கம் திருப்பச் சொன்னேன். போன மழைக்காலத்தில் ஒரு மாதம் முழுக்கக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேனே! அந்த மாதத்துக்கு நேரேயும் என் கட்டைவிரல் ரேகை, அரிவாள் வெட்டுத் தழும்போடு.

வீட்டுக்காரம்மாவைக் கேட்டேன். "கதவைப் பாதி திறந்து நீங்கதானே பணத்தை நீட்டினீங்க? பேச்சுதான் இல்ல" என்று சிரித்தார்.

பயப்படாதே. பதினோரு வருடத்தில் எனக்காக ஒரு வேலை செய்தவன், என் உருவத்தில் வந்து வாடகை கட்டிய அவன்தான். இந்த முறை துண்டு இரண்டாக அனுப்பு, அவனுக்கும் ஒன்று.

திங்கட்கிழமை கடன் பத்திரத்தில் ரேகை வைக்க வேண்டும். வங்கி திறக்கும் முன்பே போய் நிற்பேன். அவன் முந்திவிடக் கூடாது.

தையற்காரர் வேலைக்குக் கிளம்புகிறார். ஒன்று மட்டும். புது வீட்டுக்கு உன்னை அழைத்துப்போக நான் வந்தால், கல்யாணத்தன்று மழையில் எதை மறந்துவிட்டு வந்தோம் என்று கேள். நான் அதை மறக்கவில்லை. வாய் திறந்து பதில் சொன்னால்தான் கதவைத் திற.

இப்படிக்கு, நானேதான்.