ஆரையும் சுடாத துவக்கு

ஹேர்னிங், ஐப்பசி 1989, சனிக்கிழமை

மான் வேட்டைக்குத் துவக்கு வாங்கப் பொலிஸ் உடனே அனுமதி தந்துவிட்டது. சண்டை நடக்கும் ஊரிலிருந்து என் மனைவி இங்கே வர மட்டும் இன்னும் அனுமதி இல்லை. துவக்கு வரலாம், மனைவி வரக்கூடாது. நல்ல நாடு!

கடைக்காரக் கிழவர் இரண்டு துவக்குகளை எடுத்து வைத்தார். ஒன்று புத்தம் புதியது. மற்றது அவரே வைத்திருந்த பழசு. குண்டு ஏற்றும் போல்ட்டை இழுத்தால் சுகமாக வழுக்கிக்கொண்டு வந்தது. கூட வந்த யோகன் காதுக்குள் சொன்னான்: “மச்சான், பழசு வேண்டாமடா. ஆரைச் சுட்டதோ!”

எனக்கும் கை கூசியது. இது ஆரைச் சுட்டது என்று கிழவரிடம் கேட்டே விட்டேன்.

“மான்களைத்தான்,” என்றவர் கொஞ்சம் யோசித்தார். “ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரனின் தபால் பெட்டியை.”

யோகன் சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டான். நான் பழசையே எடுத்தேன். ஒரு மனிதரையும் சுடாமல் ஒரு துவக்கு கிழடாகலாம் என்று இன்றைக்குத்தான் கண்டேன்.