அப்பாவின் பைக்கில் திரும்பி உட்கார்ந்தேன்

அன்பு மகள் பாப்பாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு மட்டும், அது ஏன் என்று கீழே சொல்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மலைப்பாதையில் மூன்று நாள் நடக்கிற சைக்கிள் பந்தயத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், பைக்கின் பின் சீட்டில் பின்பக்கம் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து எடுக்க வேண்டும், போகட்டுமா என்று கேட்டிருந்தாய். நான் போனில் முடியவே முடியாது என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை, சாப்பிட்டியா தூங்கினியா என்றே நாளை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது, கல்லூரிக் கடைசி வருடப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன், அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விட்டபாடில்லை, என்ன செய்ய.

போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் சைக்கிள் சங்கத்துப் பந்தயம். சங்கத்தை நடத்துகிற மருந்துக்கடைக்காரர் முதல் நாள் வீட்டுக்கே வந்துவிட்டார். வழக்கமாகப் படம் எடுக்கிறவருக்குக் காய்ச்சலாம், உங்க பொண்ணோட பழைய கேமராவுல புறா புறாவா எடுத்துத் தள்ளுறீங்களாமே, நாளைக்குக் கொஞ்சம் மனுஷங்களையும் எடுங்களேன் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, நான் பைக் ஓட்டுறேன் அவ எடுப்பா என்று ஒத்துக்கொண்டுவிட்டார். உன் அப்பா பைக் ஓட்டும் வேகம் உனக்குத் தெரியும், சைக்கிள்காரர்கள் எங்களை முந்திவிடக் கூடாதே என்பதுதான் எனக்கு முதல் கவலை. போதாக்குறைக்கு மூட்டை கட்டுகிற பெல்ட்டை எடுத்து என்னைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். நான் படம் எடுக்கக் குனிந்தபோதெல்லாம் அவர் இடுப்பு வாங்கிக்கொண்டது, இப்போது தைலமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்.

முதல் சுற்றில் எடுத்ததெல்லாம் புகை மாதிரி ஒரே மங்கல். சும்மா உட்கார்ந்திருக்கிற புறாவுக்கு வைத்த ஷட்டர் வேகத்தையே சைக்கிளுக்கும் வைத்திருக்கிறேன், நீ சிரிப்பாய். மேட்டில் திணறி மெதுவாக வந்த பல் டாக்டர் மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறார். எப்போது போனாலும் வாயைத் திறங்க என்று என்னை அதட்டுகிறவர், அன்றைக்குக் கடைவாய்ப் பல் தெரிய அவரே திறந்துகொண்டு வந்தார். எனக்கு முன்னால் என்ன வருகிறது என்றே தெரியாதல்லவா, அப்பா வழியெல்லாம் வேகத்தடை வருது பிடிச்சுக்கோ, இடது பக்கம் திரும்புறேன் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

இரண்டாவது சுற்றில் ஷட்டர் வேகத்தைக் கூட்டிவிட்டேன். தண்ணீர்த் தொட்டி தாண்டி ஒரு இறக்கம், முதலில் விளையாட்டு வாத்தியார் வருகிறார், அவர் நெற்றி வியர்வைகூடத் தெரிகிறது. அப்போது வளைவில் எங்கள் பின் சக்கரம் லேசாக வழுக்கியது. பார்த்தால் ரோடு முழுக்க மணல், முதல் சுற்றுக்கு அப்புறம் ஏதோ லாரியிலிருந்து சிந்தியிருக்கிறது. நாங்கள் தாண்டிவிட்டோம், அவர்கள் இன்னும் அங்கே வரவில்லை. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டி, மணலு மணலு மெதுவா வாங்கப்பா என்று கத்தினேன் பாரு, வாத்தியார் சட்டென்று பிரேக் பிடித்தார், பின்னால் வந்தவர்களும் பிடித்தார்கள். ஒருத்தரும் விழவில்லை. ஆனால் வாத்தியாரின் வேகம் போனது போனதுதான், வங்கியில் வேலை பார்க்கிற பெண் அவரை முந்தி ஜெயித்துவிட்டாள். படம் எடுக்கிறவங்க பேசக் கூடாதும்மா என்று மருந்துக்கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வருஷம் முழுக்கப் பயிற்சி எடுத்த மனிதரின் வெற்றியைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாத்தியாரே வந்து, என் பொண்டாட்டி சொன்னாக்கூட நான் பிரேக் பிடிக்க மாட்டேங்க, உங்க மூஞ்சியப் பார்த்ததும் கை தானா பிடிச்சிடுச்சு, விழுந்திருந்தா ரெண்டாவது இடமும் போயிருக்கும் என்று சிரித்தார். கத்துவதற்கு முந்தின நொடி எடுத்த படம்தான் இருப்பதிலேயே நன்றாக வந்திருக்கிறது, இதோடு வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டுக் குறை சொல்.

பாப்பா, மூன்று வாரமாக நீ விழுவதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சீட்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தும் நான் விழுவேன் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை, ஓட்டுகிறவர் அப்பா என்பதால். அதனால் நீ போ, முழு மனசோடு சொல்கிறேன். உன்னை ஏற்றிப் போகிறவர் மேடு பள்ளத்தையும் வளைவையும் வாய்விட்டுச் சொல்லுகிற ஆளா என்று மட்டும் ஒரு நாள் முன்னாடியே கூடப் போய்ப் பார்த்துக்கொள். வாய் திறக்காத ஆள் என்றால் எவ்வளவு பெரிய கெட்டிக்காரரானாலும் ஏறாதே. இதைப் போனில் சொன்னால் பாதியில் மனசு மாறிவிடுவேன் என்றுதான் எழுதிவிட்டேன், மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாயே, அதற்குள் கிடைத்துவிடும்.

எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு முன்னும் பின்னும் வரட்டும். மறக்காமல் தலையை இறுக்கிப் பின்னிச் சட்டைக்குள் விட்டுக்கொள். திரும்பி உட்கார்ந்தால் காற்று முதுகுப் பக்கமிருந்து அடிக்கிறது, ஹெல்மெட்டுக்கு வெளியே இருக்கிற முடியெல்லாம் லென்ஸுக்கு முன்னால் வந்து நிற்கிறது, என் முதல் பத்துப் படத்தில் பாதி என் முடிதான்.

உன் பிரியமுள்ள,
அம்மா