நேற்று வந்த பொம்மை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் பேசினால் பக்கத்து அறையிலிருக்கும் மகளின் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன். முழங்கால் வலிக்கு மருத்துவரைப் பார்த்தீர்களா? பார்க்கலாம், பார்க்கலாம் என்றே காலத்தை ஓட்டுவீர்கள், எனக்குத் தெரியாதா.

எங்கள் செவிலியர் கல்லூரிக்குத் தரச்சான்று தரும் குழு வந்துபோனது. தர ஒருங்கிணைப்பாளர் என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு நாயாய் அலைந்தேன். உயிர்காக்கும் பயிற்சிக்கான பொம்மை எங்களிடம் கிடையாது. முதல்வர் வேறொரு கல்லூரியில் இரவல் வாங்கினார். நான்தான் அதைத் துடைத்துக் கட்டிலில் படுக்கவைத்தேன்.

மாணவிகளைக் குழு தனியாகச் சந்திக்கும். ஆசிரியர்கள் உள்ளே போகக் கூடாது. யாரை அனுப்புவது என்பது என் பொறுப்பு. அங்கேயே படிக்கும் நம் மகள் நம்மை விட்டுக்கொடுக்கமாட்டாள் என்று அவளை முன்வரிசையில் உட்காரவைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நோயாளிக்குத் திடீர்னு மூச்சு நின்னுட்டா என்னம்மா செய்வே என்று குழுவிலிருந்த அம்மையார் கேட்டிருக்கிறார். தெரியாதுங்க, அந்தப் பொம்மையையே நேத்துதான் பார்த்தோம் என்றாளாம் இவள். அதன்பிறகு எல்லாவற்றையும் தோண்டித் துருவினார்கள். சான்று கிடையாது என்றுவிட்டார்கள்.

சான்றில்லாத கல்லூரியில் படித்தவர்களை எந்த மருத்துவமனையும் எடுக்காது. கூடப் படிப்பவர்கள் இவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீ உத்தமியா இருக்க நாங்க தெருவுல நிக்கணுமா என்று ஒருத்தி கேட்டாளாம். அவள் கேட்டதிலும் தப்பில்லை. இவள் தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்து போகிறாள். எனக்குப் பெற்ற வயிறு எரிகிறது.

மேல்முறையீடு செய்யப்போகிறார்கள். பயத்தில் உளறிவிட்டேன், அந்தப் பொம்மையில்தான் பழகினோம் என்று இவள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் கல்லூரி தப்பிக்குமாம். உங்க பொண்ணுதானே, நீங்க சொன்னா கேப்பா என்று முதல்வர் தேனொழுகப் பேசுகிறார். இல்லாவிட்டால் என் வேலை போகும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

ஏன்டி அப்படிச் சொன்னே என்று அவளைக் கேட்டேன். நாளைக்கு அந்தக் கட்டில்ல நீ படுத்திருந்தா நான் என்னம்மா செய்வேன் என்றாள்.

திங்கட்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும். நான் கேட்டால் போட்டுவிடுவாள். நானும் கேட்டுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அத்தனை பிள்ளைகளின் பிழைப்பும் நம் வீடும் கண்முன் நிற்கின்றன. அவள் அப்பா நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். அம்மா என்ன சொன்னாலும் கையெழுத்துப் போடாதே என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் அழுதாலும் போடக் கூடாது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்