விளக்கு வைத்த நேரம்

மருமகள் யோகேஸ்வரிக்கு,

சதுரங்கப்பட்டினத்தில், அம்மா வீட்டில், கை வலி குறைந்ததா?

போன வெள்ளிக்கிழமை நான் விளக்கேற்றியதும் சர்வே எடுக்க வந்த பெண், "வூட்ல யாராச்சும் அடிக்கிறாங்களா?" என்று உன்னைக் கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய்.

"வெளக்கு வெச்ச நேரத்துல இன்னாம்மா கேள்வி இது?" என்று நான்தான் சீறினேன்.

"இல்லக்கா" என்று சொல்லிவிட்டாய். அன்றிரவே என் மகன் உன் கையை முறித்தான்.

எரியும் விளக்கின் முன் கெட்டதைச் சொன்னால் குடும்பத்துக்கு ஆகாது என்று உன்னைப் பழக்கியவள் நான்.

நேற்று மாலை அந்தப் பெண் எதிர்வீட்டுக்கு வந்திருந்தாள். கூப்பிட்டு விளக்கின் முன்னாலேயே உட்கார வைத்தேன். அவனும் அங்கேதான் நின்றிருந்தான்.

"எம்புள்ள பொண்டாட்டிய அடிக்கிறான், எழுதிக்கம்மா."

விளக்கு அணையவில்லை, யோகேஸ்வரி. அது பாட்டுக்கு எரிந்தது.

நீ இங்கே வராதே. நான் அங்கே வருகிறேன்.

உன் அத்தை